மலை மேல் ஒரு தீவு: மாஞ்சோலை மக்களுக்கு வழி என்ன?

நான்கு பக்கமும் தண்ணீர் சூழ்ந்த நிலத்துக்குத் தீவு என்று பெயர். இது பள்ளிக்கூடத்துப் பாடம்.

இந்தோனேசியா நாட்டில் பதினேழாயிரம் தீவுகள் இருக்கின்றன. பெரிய தீவுகளில் பட்டணங்கள் உண்டு. சின்னத் தீவுகளில் ஒரே ஒரு ஊர்தான் இருக்கும். படகு வந்தால்தான் அங்கே அரிசி. படகு வந்தால்தான் தபால். பிள்ளைகள் வளர்ந்ததும் வேலை தேடித் தீவை விட்டுப் போகிறார்கள். "இந்த ஊர் இன்னும் எத்தனை நாளைக்கு?" என்பதுதான் அங்கே பெரியவர்களின் கவலை.

அப்படி ஒரு தீவு திருநெல்வேலி மாவட்டத்திலும் இருக்கிறது. அது கடலில் இல்லை. மலை மேல் இருக்கிறது. அதைச் சுற்றிலும் காடு. பஸ்தான் அதற்குப் படகு.

அதன் பெயர் மாஞ்சோலை.

1929-ம் ஆண்டு அங்கே தேயிலைத் தோட்டத்துக்கு வழி பிறந்தது. 2024-ம் ஆண்டு ஜூன் மாதம் வேலை நின்றது. நடுவிலே 95 ஆண்டுகள். நான்கு தலைமுறை அங்கே பிறந்து வளர்ந்துவிட்டது.

தோட்டம் மறுபடியும் காடாக வேண்டும் என்கிறது சட்டம். அது நல்லதுதான். ஆனால் அங்கேயே பிறந்தவர்கள் எங்கே போவார்கள்? என்ன செய்து பிழைப்பார்கள்? காட்டுக்கு வழி சொல்லியாகிவிட்டது. மக்களுக்கும் சரியான வழி சொல்ல வேண்டும்.

ஐந்து ஊர்கள்

திருநெல்வேலியிலிருந்து மேற்கே போனால் கல்லிடைக்குறிச்சி வரும். அப்பளத்துக்குப் பேர் போன ஊர். அதற்கு அப்பால் மணிமுத்தாறு அணை. அணையைத் தாண்டினால் வனத்துறையின் சோதனைச் சாவடி. அங்கிருந்து காட்டுப் பாதை. பாதை வளைந்து வளைந்து ஏறும். ஆயிரம் மீட்டர் உயரத்துக்கு மேலே போனதும் பச்சைக் கம்பளம் விரித்ததுபோலத் தேயிலை தெரியும்.

மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி. இவைதான் அந்தத் தீவில் உள்ள ஊர்கள்.

தமிழ்நாட்டிலேயே மிக அதிகமாக மழை பெய்யும் இடங்களில் ஊத்தும் நாலுமுக்கும் சேர்ந்தவை. தென்மேற்குப் பருவ மழையும் அங்கே பெய்யும். வடகிழக்குப் பருவ மழையும் பெய்யும். கீழே அம்பாசமுத்திரத்தில் வெயில் கொளுத்தும் நாளில்கூட மேலே மூடுபனி இறங்கி நிற்கும்.

பெரிய மழை வந்தால் பாதையில் மண் சரியும். மரம் சாயும். பஸ் நின்றுவிடும். பஸ் நின்றுவிட்டால் ரேஷன் அரிசியும் வராது. பிரசவ வலி வந்தவளும் கீழே இறங்க முடியாது. கடல் கொந்தளிக்கும் நாளில் தீவு எப்படியோ, அப்படித்தான் மழை நாளில் மாஞ்சோலை.

அந்த மழைதான் மணிமுத்தாறாக இறங்குகிறது. மணிமுத்தாறு தாமிரபரணியில் கலக்கிறது. தாமிரபரணி வற்றாத ஆறு. நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்களின் வயலுக்கும் வாய்க்கும் அதுதான் தண்ணீர். நெல்லை அல்வாவின் ருசிக்கே அந்தத் தண்ணீர்தான் காரணம் என்று ஊரார் சொல்வார்கள். அப்படியானால் மலை மேல் நடப்பது, மலைக்குக் கீழே இருப்பவர்களின் வீட்டுக் காரியம் அல்லவா?

ஜமீனும் கம்பெனியும்

இந்த மலை ஒரு காலத்தில் சிங்கம்பட்டி ஜமீனுக்குச் சொந்தமாக இருந்தது. போரில் உதவி செய்ததற்காகத் திருவிதாங்கூர் மன்னர் இதைச் சிங்கம்பட்டிக்குக் கொடுத்தார் என்று வழிவழியாகச் சொல்வார்கள். அந்த ஜமீனில் கடைசியாகப் பட்டம் கட்டிக் கொண்டவர் முருகதாஸ் தீர்த்தபதி. அவர் 2020-ம் ஆண்டு காலமானார்.

1929-ம் ஆண்டு ஜமீன் ஒரு குத்தகை எழுதிக் கொடுத்தது. 8,373 ஏக்கர் நிலம். 99 ஆண்டுக் குத்தகை. வாங்கியது பம்பாய் பர்மா வர்த்தகக் கம்பெனி.

இந்தக் கம்பெனிக்கு ஒரு பழைய கதை உண்டு. இது 1863-ம் ஆண்டு தொடங்கப்பட்டது. பர்மாக் காடுகளில் தேக்கு மரம் வெட்டி விற்றது. கணக்குக்கு மேல் மரம் வெட்டியதாகச் சொல்லி, பர்மா அரசாங்கம் கம்பெனிக்குப் பெரிய அபராதம் போட்டது. அதையே சாக்காக வைத்து 1885-ம் ஆண்டு வெள்ளைக்காரர்கள் பர்மா மேல் படை எடுத்தார்கள். பர்மாவின் கடைசி ராஜா திபா தோற்றார். அவரை ரத்தினகிரிக்குக் கொண்டுபோய்ச் சிறை வைத்தார்கள். ஒரு கம்பெனியின் மர வழக்கில் ஒரு ராஜ்யமே போயிற்று!

அந்தக் கம்பெனிதான் சிங்கம்பட்டி மலைக்கும் வந்தது. காட்டைத் திருத்தித் தேயிலை போட்டது. காப்பி, ஏலக்காய், மிளகும் விளைவித்தது.

சுதந்தரம் வந்த பிறகு ஜமீன்தாரி முறை ஒழிந்தது. 1948-ம் ஆண்டு சட்டம் வந்தது. 1950-களின் தொடக்கத்தில் சிங்கம்பட்டி ஜமீனின் நிலம் சர்க்கார் வசம் ஆயிற்று. நிலத்துக்குச் சொந்தக்காரர் மாறினார். ஆனால் குத்தகை அப்படியே தொடர்ந்தது. அது 2028-ம் ஆண்டு முடிய வேண்டிய குத்தகை.

மலை ஏறியவர்கள்

தேயிலை போடக் கை வேண்டும். அந்தக் கைகள் சமவெளியிலிருந்து வந்தன. திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்துக் கிராமங்களில் நிலம் இல்லாத ஏழைகள் மலை ஏறினார்கள். கேரளத்திலிருந்தும் சிலர் வந்தார்கள். பெரும்பாலோர் தாழ்த்தப்பட்ட மக்கள். கீழே அவர்களுக்கு வயலில் அரைக் கூலி. தெருவில் சாதிக் கொடுமை.

மேலே குளிர் இருந்தது. அட்டைக் கடி இருந்தது. காய்ச்சல் இருந்தது. ஆனால் வாரம் தவறாமல் வேலையும் இருந்தது. ஒண்ட ஒரு வீடும் இருந்தது. அதனால் தங்கினார்கள்.

இதே கதைதான் இலங்கையிலும் நடந்தது. மதுரை, திருச்சி, புதுக்கோட்டைச் சீமைகளின் ஏழைகள் கண்டி மலைக்குப் போனார்கள். முதலில் காப்பி, பிறகு தேயிலை. அங்கேயும் கங்காணி. அங்கேயும் வரிசை வரிசையாக லயம். மாஞ்சோலைக்காரர்கள் கடல் தாண்டவில்லை. அது ஒன்றுதான் வித்தியாசம்.

தோட்டத்து நாள் விடியற்காலையில் ஆரம்பிக்கும். ஆள் கணக்கு எடுப்பார்கள். பெண்கள் இடுப்பில் படங்கைக் கட்டிக் கொண்டு வரிசையில் இறங்குவார்கள். இரண்டு இலை, ஒரு மொட்டு. அதுதான் கொழுந்து. கை நகர்ந்துகொண்டே இருக்கும். ஆண்கள் கவ்வாத்து வெட்டுவார்கள், மருந்து அடிப்பார்கள். பறித்த கொழுந்து தொழிற்சாலைக்குப் போகும். அங்கே வாட்டி, உருட்டி, புளிக்க வைத்து, உலர்த்துவார்கள். அப்புறம்தான் அது டீத்தூள். ரசாயன உரம் போடாத தேயிலையும் ஊத்துத் தோட்டத்தில் விளைந்தது. அது வெளிநாட்டுக்குப் போயிற்று.

பள்ளிக்கூடம் வந்தது. ஆஸ்பத்திரி வந்தது. தபால் ஆபீஸ் வந்தது. கோயிலும் மாதா கோயிலும் எழுந்தன. அங்கேயே கல்யாணம்; அங்கேயே காதுகுத்து. செத்தவர்களையும் அந்த மண்ணிலேயே புதைத்தார்கள். கூலிக்கு வந்த இடம், சொந்த ஊர் ஆகிவிட்டது.

வேலை இருந்தால்தான் வீடு

ஆனால் அந்த ஊரில் ஒரு குறை இருந்தது. ஒருவருக்கும் ஒரு சென்ட் நிலம்கூடச் சொந்தம் இல்லை.

1951-ம் ஆண்டு தோட்டத் தொழிலாளர் சட்டம் வந்தது. தொழிலாளிக்கு வீடு கொடுக்க வேண்டும், வைத்தியம் பார்க்க வேண்டும், பிள்ளைக் காப்பகம் வைக்க வேண்டும் என்று சொன்னது. நல்ல சட்டம். ஆனால் அந்த வீடு வேலையோடு ஒட்டிய வீடு. வேலை இருக்கும் வரையில் வீடு. ஓய்வு பெற்றால் வீட்டைக் காலி செய்ய வேண்டும்.

முப்பது நாற்பது வருஷம் கொழுந்து பறித்தவள், ஓய்வு பெற்றதும் எங்கே போவாள்? மகனோ மகளோ தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தால் அவர்களோடு இருக்கலாம். இல்லாவிட்டால் மலையை விட்டு இறங்க வேண்டியதுதான். வீட்டை விடக்கூடாது என்பதற்காகவே படிக்கிற பிள்ளை கூடையை எடுக்கும் நிலை எந்தத் தோட்டத்திலும் உண்டு.

கீழே ஒரு வீடு கட்டலாம் என்றால், வாங்கிய கூலி வயிற்றுக்கே சரியாகப் போயிற்று. கையில் மிச்சம் இல்லை. ஆகவே மலையும் சொந்தமில்லை, சமவெளியும் சொந்தமில்லை.

இன்றைய துன்பத்துக்கு வேர் இதுதான். தோட்டம் நின்றது 2024-ல். ஆனால் வீட்டுக்கு உரிமை இல்லாத வாழ்வு முதல் நாளிலேயே ஆரம்பித்துவிட்டது.

ஆற்றில் போன உயிர்கள்

1998-ம் ஆண்டிலும் 1999-ம் ஆண்டிலும் மாஞ்சோலைத் தொழிலாளர்கள் கூலி உயர்வு கேட்டுப் போராடினார்கள். பலர் சிறைக்குப் போனார்கள்.

1999-ம் ஆண்டு ஜூலை 23-ந் தேதி. சிறையில் இருந்தவர்களை விடுதலை செய்யக் கோரித் திருநெல்வேலியில் ஊர்வலம் நடந்தது. ஊர்வலம் கலெக்டர் ஆபீசை நோக்கிப் போயிற்று. கொக்கிரகுளத்தில் தாமிரபரணிக் கரையில் போலீசார் தடியடி நடத்தினார்கள். ஜனங்கள் தப்பி ஓட ஆற்றில் இறங்கினார்கள். 17 பேர் மாண்டார்கள். அவர்களில் இரண்டு பெண்கள் உண்டு. ஒரு பச்சைக் குழந்தையும் உண்டு.

இதை விசாரிக்க நீதிபதி மோகன் கமிஷன் அமைக்கப்பட்டது. ஆண்டுதோறும் ஜூலை 23-ந் தேதி அந்த ஆற்றில் மலர் தூவுகிறார்கள்.

மலையில் பெய்த மழை ஆறாக ஓடும் இடத்தில், மலை மக்களுக்காகப் போனவர்களின் உயிரும் ஓடிற்று. நெல்லைச் சீமை மறக்க முடியாத கணக்கு இது. மாஞ்சோலையைப் பற்றிப் பேசும்போது இந்தக் கணக்கையும் சேர்த்துத்தான் பேச வேண்டும்.

புலிக்கும் பங்கு உண்டு

மலையில் தொழிலாளிக்கு முன்னே குடி இருந்தவர்கள் உண்டு. காணி மக்கள் உண்டு. அவர்களுக்கும் முன்னே யானையும் புலியும் உண்டு.

1988-ம் ஆண்டு களக்காடு–முண்டந்துறை புலிகள் காப்பகம் ஏற்பட்டது. தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம் அதுதான். மாஞ்சோலைத் தோட்டங்கள் அதன் நடுவிலே அகப்பட்டுக் கொண்டன. சிங்கவால் குரங்கு உலகத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டுமே உண்டு. அதற்கு இந்தக் காடு ஒரு முக்கியமான வீடு. அது மரத்துக்கு மரம் தாவிப் பிழைக்கும் பிராணி. நடுவிலே தேயிலைத் தோட்டம் வந்துவிட்டால், ஒரு பக்கத்துக் குரங்குக் கூட்டம் மறுபக்கத்துக் கூட்டத்தோடு சேர முடியாது. குரங்குக்கும் அது தீவு வாழ்க்கைதான்!

அரிக்கொம்பன் யானையை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். 2023-ம் ஆண்டு ஜூன் மாதம் தேனிப் பக்கத்தில் பிடித்து, மாஞ்சோலைக்கு மேலே உள்ள காட்டில் கொண்டு வந்து விட்டார்கள். செப்டம்பர் மாதம் அது ஊத்துக்கும் நாலுமுக்குக்கும் வந்துவிட்டது. யானைக்குக் காடு எது, தோட்டம் எது என்று தெரியுமா?

2018-ம் ஆண்டு இந்த நிலத்தை அரசாங்கம் ஒதுக்குக் காடாக அறிவித்தது. குத்தகை முடிந்தபின் இது தோட்டமாக இருக்காது என்பது அன்றே தெரிந்துவிட்டது.

காடு ஏன் வேண்டும்? புலிக்காக மட்டும் அல்ல. காடு ஒரு பெரிய தண்ணீர்த் தொட்டி. மழை நீரை மண்ணில் பிடித்து வைத்து, மெல்ல மெல்ல ஆற்றுக்குக் கொடுக்கும். மலையில் மரம் இருந்தால்தான் கோடையிலும் ஓடையில் தண்ணீர் இருக்கும். பாபநாசம் முதல் புன்னைக்காயல் வரையில் உள்ள ஒவ்வொரு குடத்துக்கும் இது சம்பந்தப்பட்டது.

ஆகவே, "காடே வேண்டாம், தோட்டமே நடக்கட்டும்" என்று சொல்ல முடியாது. "மக்கள் எப்படியாவது போகட்டும், காடு வந்தால் போதும்" என்று சொல்வதும் தர்மம் இல்லை.

கடைசிக் கொழுந்து

2028 வரையில் குத்தகை இருந்தும் கம்பெனி முன்னதாகவே தோட்டத்தை மூடியது. 2024-ம் ஆண்டு விருப்ப ஓய்வுத் திட்டத்தை அறிவித்தது. ஜூன் மாதத்தோடு வேலை நின்றது. அப்போது வேலையில் இருந்தவர்கள் ஐந்நூறு பேருக்கு மேல். அவர்களை நம்பி இருந்த குடும்பங்களைச் சேர்த்தால் ஆயிரக்கணக்கில் வரும்.

வீட்டைக் காலி செய்ய ஆகஸ்டு மாதம் கெடு வைக்கப்பட்டது. தொழிலாளர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள்.

அவர்கள் கேட்டது என்ன? தமிழ்நாடு அரசு தேயிலைத் தோட்டக் கழகம் மாஞ்சோலையை எடுத்து நடத்த வேண்டும் என்பது ஒன்று. காட்டில் தலைமுறையாக வாழ்பவர்களுக்கு 2006-ம் ஆண்டு வன உரிமைச் சட்டம் கொடுக்கும் உரிமை தங்களுக்கும் வேண்டும் என்ற கோரிக்கையும் எழுந்தது.

அந்தச் சட்டம் பழங்குடி அல்லாதவர்களுக்கு ஒரு நிபந்தனை போடுகிறது. 2005-ம் ஆண்டு டிசம்பர் மாதத்துக்கு முன்னே 75 ஆண்டுகள் காட்டில் வாழ்ந்திருக்க வேண்டும். கணக்குப் பார்த்தால் 1930-ம் ஆண்டு வருகிறது. மாஞ்சோலைக் குத்தகை 1929-ம் ஆண்டு. எவ்வளவு நூலிழையில் நிற்கிறது பாருங்கள்!

சென்னை ஐகோர்ட் 2024-ம் ஆண்டு டிசம்பர் மாதம் தீர்ப்புக் கூறியது. தோட்டத்தை அரசுக் கழகம் ஏற்க வேண்டும் என்ற கோரிக்கை தள்ளப்பட்டது. மறுவாழ்வுத் திட்டங்களைச் செய்து கொடுக்க வேண்டும் என்று ஆயிற்று. சமவெளியில் வீடு, தொழில் பயிற்சி, சுய தொழிலுக்குக் கடன் என்று அரசாங்கம் சொல்லி இருந்தது. அதன் பிறகு விவகாரம் உச்ச நீதிமன்றம் வரையில் போயிற்று.

கழகம் ஏன் ஏற்கவில்லை?

தேயிலைக் கழகத்தின் கதையையும் தெரிந்துகொள்வது நல்லது.

1964-ம் ஆண்டு சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயகாவும் ஓர் ஒப்பந்தம் செய்தார்கள். அதன்படி இலங்கைத் தோட்டத் தமிழர்களில் லட்சக்கணக்கானவர்கள் இந்தியாவுக்கு வர வேண்டியதாயிற்று. அவர்களுக்குத் தெரிந்த தொழில் தேயிலை ஒன்றுதான். "தெரிந்த தொழிலையே கொடுப்போம்" என்று 1968-ம் ஆண்டு அரசாங்கம் நீலகிரியில் தேயிலை போடத் தொடங்கியது. 1976-ம் ஆண்டு அது கழகம் ஆயிற்று.

அன்று வழி தெரியாமல் வந்தவர்களுக்கு ஒரு கதி கிடைத்தது. அதே கதியைத்தான் மாஞ்சோலை மக்களும் கேட்டார்கள். கேட்டதில் நியாயம் இருக்கிறது.

ஆனால் காலம் மாறிவிட்டது. கழகமே நஷ்டத்தில் தத்தளித்தது. 2022-ம் ஆண்டு தன் நிலத்தில் ஒரு பகுதியை அதுவே வனத்துறைக்குத் திருப்பிக் கொடுத்தது. மாஞ்சோலையோ புலிகள் காப்பகத்தின் நடுவிலே இருக்கிறது. ஆகவே எடுத்து நடத்த முடியாது என்று அரசாங்கம் சொல்லிவிட்டது.

தோட்டம் இல்லை என்று சொல்லிவிடலாம். "தெரிந்த தொழிலையே கொடுப்போம்" என்ற அந்தப் பழைய நல்ல எண்ணத்தையும் சேர்த்து இல்லை என்று சொல்லிவிடக் கூடாது.

மரமே காணாதவருக்குக் காட்டு வேலை

ஊரோடு ஜனங்களை இடம் மாற்றுவது சுலபமான காரியம் அல்ல. இதற்கு ஒரு தீவின் கதையே சாட்சி.

ஸ்காட்லாந்து நாட்டுக்கு மேற்கே, நடுக்கடலில் செயின்ட் கில்டா என்று ஒரு தீவு. கடற்பறவையைப் பிடித்தும் ஆடு வளர்த்தும் அங்கே மக்கள் வாழ்ந்தார்கள். இளைஞர்கள் ஒவ்வொருவராய்ப் போய்விட்டார்கள். மிஞ்சியவர்கள் 36 பேர். 1930-ம் ஆண்டு தொடக்கத்தில் ஒரு பெண் நோயுற்று இறந்தாள். "இனி எங்களால் இங்கே இருக்க முடியாது" என்று மக்களே சர்க்காருக்கு மனு எழுதினார்கள்.

1930-ம் ஆண்டு ஆகஸ்டு 29-ந் தேதி அவர்கள் தீவை விட்டுக் கிளம்பினார்கள். கிளம்பும் முன்னே ஒவ்வொரு வீட்டிலும் பைபிளைத் திறந்து வைத்தார்கள். கொஞ்சம் தானியத்தையும் வைத்தார்கள். கதவைச் சாத்திவிட்டுக் கப்பல் ஏறினார்கள்.

கரையில் அவர்களில் பலருக்குச் சர்க்கார் வேலை கொடுத்தது. என்ன வேலை தெரியுமா? காட்டு இலாகா வேலை! அந்தத் தீவில் மரமே கிடையாது. மரத்தையே காணாதவர்களை மரம் வளர்க்கச் சொன்னார்கள். குடும்பங்கள் வேறு வேறு இடங்களில் சிதறின.

தீவு இன்று கடற்பறவைகளின் சரணாலயம். உலகமே அதைக் கொண்டாடுகிறது. ஆனால் அந்த மக்கள் ஒரு சமூகமாக மிஞ்சவில்லை.

செயின்ட் கில்டாவில் வேலை கொடுத்தார்கள். ஆனால் ஆளைப் பார்த்து வேலை கொடுக்கவில்லை. வீடு கொடுத்தார்கள். ஆனால் ஊரைக் கொடுக்கவில்லை. மாஞ்சோலை விஷயத்தில் அந்தத் தவறு நடக்கக் கூடாது.

காட்டுக்கும் கை வேண்டும்

மாஞ்சோலை மக்கள் மரத்தை அறியாதவர்கள் அல்ல. மழை எந்தப் பக்கம் இறங்கும், யானை எந்தத் தடத்தில் நடக்கும், எந்த ஓடை எப்போது பெருகும் என்று அவர்களுக்குத் தெரியும். அவர்களைக் கொண்டுவந்து நகரத்து ஓரத்தில் மூன்றாம் மாடியில் வைத்து, "ஏதாவது கடன் வாங்கிக் கடை வை" என்றால் அது பொருத்தமாக இருக்குமா?

இன்னொன்றும் உண்டு. கதவைப் பூட்டிவிட்டால் தோட்டம் தானாகக் காடு ஆகிவிடாது. தேயிலைச் செடி உண்மையில் ஒரு மரம். கவ்வாத்து வெட்டி வெட்டித்தான் அதை இடுப்பு உயரத்தில் வைத்திருக்கிறார்கள். வெட்டாமல் விட்டால் அது நெடுநெடுவென்று வளரும். அடியில் வேறு செடியை எளிதில் எழ விடாது. வெளிநாட்டுக் களைகளும் புகுந்துகொள்ளும். அதையெல்லாம் நீக்க வேண்டும். அந்த மலைக்கே உரிய மரங்களின் விதையைப் பொறுக்க வேண்டும். நாற்று வளர்க்க வேண்டும். நட்டுக் காக்க வேண்டும். ஆயிரக்கணக்கான ஏக்கருக்கு இது பல வருஷ வேலை.

இந்த வேலைக்கு ஆள் வேண்டும். மழையிலும் அட்டைக் கடியிலும் சரிவில் நின்று வேலை செய்து பழகிய ஆள் வேண்டும். அந்த ஆட்கள் எங்கே இருக்கிறார்கள் என்று தேட வேண்டுமா?

தாத்தா காட்டை வெட்டித் தோட்டம் ஆக்கினார். பேரன் தோட்டத்தைக் காடாக்கட்டும். அதற்குச் சம்பளம் கொடுக்கட்டும். காடும் பிழைக்கும், குடும்பமும் பிழைக்கும்.

செய்ய வேண்டியது என்ன?

முதலாவது, பணம் முன்னே, இறங்குவது பின்னே. கம்பெனியிடமிருந்து வர வேண்டிய பாக்கி எதுவானாலும் கணக்குப் பார்த்துக் கைக்கு வந்து சேர வேண்டும். "வீட்டைக் காலி செய், பிறகு மீதியைத் தருகிறோம்" என்பது ஏழையின் கழுத்தைப் பிடிப்பது போன்றது.

இரண்டாவது, பட்டா உள்ள வீடு. அதைப் பெண்ணின் பேரில் கொடுப்பது நல்லது. கொழுந்து பறித்த கை பெண்ணின் கைதானே? வீடுகள் அக்கம்பக்கமாக இருக்க வேண்டும். நாலுமுக்குக்காரர்கள் ஒரு தெருவிலும் ஊத்துக்காரர்கள் அடுத்த தெருவிலும் இருக்கட்டும். துக்கத்துக்கும் கல்யாணத்துக்கும் ஓடி வரும் ஜனம் பக்கத்தில் இருந்தால், பாதித் துன்பம் குறையும்.

மூன்றாவது, உதவித் தொகை. புலிகள் காப்பகங்களின் உட்பகுதியிலிருந்து தாங்களாக இடம் பெயரும் குடும்பங்களுக்கு 15 லட்சம் ரூபாய் என்ற கணக்கு 2021-ம் ஆண்டில் ஏற்பட்டது. புலிக்காக இடம் விடுகிறவர்கள் என்றால் மாஞ்சோலைக்காரர்களும் அவர்களே. அந்த அளவுக்குக் குறையாமல் அவர்களுக்கும் கொடுப்பதுதான் நியாயம்.

நான்காவது, காட்டை மீட்கும் வேலையிலும் வனத்துறைக் காவல் வேலையிலும் அவர்களுக்கு முதல் உரிமை. அரசாணையாகவே எழுதிக் கொடுக்கலாம்.

ஐந்தாவது, பிள்ளைகள். மலைப் பள்ளியில் படித்த பிள்ளை புதுப் பள்ளியில் ஒரு வருஷத்தையும் இழக்கக் கூடாது. படிப்பை நிறுத்திய இளைஞர்களுக்குத் தொழில் பயிற்சி வேண்டும். பயிற்சிக் காலத்தில் வயிற்றுப்பாட்டுக்குப் பணமும் வேண்டும். பசியோடு எவனும் தொழில் கற்க மாட்டான்.

ஆறாவது, முன்னமே ஓய்வு பெற்று இறங்கியவர்கள். 2024-ம் ஆண்டுப் பட்டியலில் அவர்கள் பேர் இருக்காது. ஆனால் அந்த மலையைப் பச்சையாக்கியவர்கள் அவர்கள்தான். அவர்களில் வீடு இல்லாதவர்களைத் தேடிக் கண்டுபிடித்து உதவ வேண்டும்.

ஏழாவது, ஆண்டுக்கு ஒரு தடவையாவது கோயிலுக்கும் மாதா கோயிலுக்கும் கல்லறைக்கும் போய் வர அனுமதி. இதனால் புலிக்கு ஒரு குறையும் வந்துவிடாது.

இவை எல்லாம் பெரிய செலவா? ஒரு மலையின் காடும் ஓர் ஆற்றின் தண்ணீரும் திரும்பக் கிடைப்பதற்கு இது சின்ன விலை.

நெல்லைக்கு ஒரு கடமை

மாஞ்சோலைப் பஸ்ஸில் போய் மூடுபனியைப் பார்த்து ரசித்தவர்கள் ஏராளம். அந்த மலைத் தண்ணீரைக் குடிப்பவர்கள் அதைவிட ஏராளம். அந்த மக்களின் பெயர் தெரிந்தவர்கள் சொற்பம்.

அவர்கள் சமவெளிக்கு வரும்போது புதுத் தெருவில் நிற்பார்கள். கூச்சப்படுவார்கள். வெயில் தாங்காமல் தவிப்பார்கள். "எந்த ஊர்? என்ன ஜாதி?" என்று கேட்டு அவர்களை ஒதுக்கி வைத்தால், அவர்கள் தாத்தா எதற்குப் பயந்து மலை ஏறினாரோ அதே கொடுமைக்குப் பேரன் திரும்பி வந்ததாக ஆகும். அப்படி ஆகாமல் பார்த்துக்கொள்வது சர்க்காரால் மட்டும் முடிகிற காரியம் இல்லை. அடுத்த வீட்டுக்காரர் செய்ய வேண்டிய காரியம்.

ஒரு தோட்டம் மூடலாம். ஒரு குத்தகை முடியலாம். ஆனால் ஓர் ஊர் ஜனங்கள், குத்தகைச் சீட்டு அல்ல. தேதி முடிந்தது என்று கிழித்துப் போட.

மலையைக் காட்டுக்குத் திருப்பிக் கொடுக்கட்டும். அதற்கு முன்னே, 95 ஆண்டுகளாகத் தர வேண்டி இருந்ததை மக்களுக்குக் கொடுக்கட்டும். சொந்தமென்று சொல்லிக்கொள்ள ஒரு துண்டு மண்!